வாசலில் கட்டிய இலை

6

சிறை என்றால் நாலு சுவர் வேண்டும், ஒரு பூட்டு வேண்டும், சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நடக்க ஒரு தொப்பைக்காரன் வேண்டும் என்று இத்தனை நாளாக நம்பிக்கொண்டிருந்தேன். எமாரு தீவில் அதெல்லாம் வீண் செலவு. ஓர் இலை போதும்.

வாயில் பிரஷ்ஷோடு வாசலுக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எங்களை வரவழைத்த லெய்மாராவின் வீட்டிலிருந்து ஊருக்குப் போகிற ஒரே பாதையில் இரண்டு குச்சிகளை நட்டு, குறுக்கே ஒரு நமேலே இலையைக் கட்டியிருந்தார்கள். மீன் முள்ளைப் போல இரண்டு பக்கமும் வரிசையாக விரிந்த பச்சை இலை. நேற்று சாயங்காலம் அந்த வழியாகத்தான் ஊரிலிருந்து திரும்பினோம். அப்போது அது இல்லை.

"பாஸ்!" என்று கத்தினேன். நுரை முழுக்க சட்டையில்.

செரா கராயே தலையை முடிந்துகொண்டே வெளியே வந்தார். முன்னாள் போலீஸ் சார்ஜென்ட், இந்நாள் துப்பறிவாளர். தலைநகர் போர்ட் விலாவில் ஒரு பேக்கரிக்கு மேலே எங்கள் ஆபீஸ். நகாட் என்கிற நான் அவருடைய உதவியாளன். பெட்டி தூக்குவது, படகு ஓட்டுவது, அவருக்குக் கோபம் வந்தால் பக்கத்தில் நிற்பது எல்லாம் என் வேலை.

"என்னடா, பாம்பா?"

"பாம்புன்னா அடிச்சிருப்பேனே. இலை பாஸ், இலை!"

அவர் பார்த்தார். முகம் மாறியது. மண்டையோடு வரைந்த போர்டு வைத்தால்கூட எங்கள் ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போவார்கள். நமேலே கட்டினால் அந்த வழி தடை என்று அர்த்தம்; அதை மந்திரியும் தாண்டமாட்டார், திருடனும் தாண்டமாட்டான்.

"துறைப் பக்கம் ஓடிப்போய்ப் பாரு. எதையும் தொட்டுத் தொலைக்காதே."

ஓடினேன். படகுத் துறையிலும் ஒன்று கட்டியிருந்தது. எங்கள் படகு அதற்கு அந்தப் பக்கம் அப்பாவியாக ஆடிக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் செங்குத்துப் பாறை, கீழே அலை. லெய்மாராவின் வீடு இருப்பது தீவின் மூக்கு நுனியில். அந்த மூக்கை யாரோ இரண்டு விரலால் பிடித்துவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது லெய்மாரா வாசலில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயசிருக்கும். வள்ளிக்கிழங்குத் தோட்டத்தில் ஆம்பிளைக்குச் சமமாக மண் கொத்துகிறவள். இப்போது கைகளை மடியில் போட்டுக்கொண்டு இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போச்சு அக்கா," என்றாள். "உச்சி வெயிலுக்குச் சபை கூடிரும். நான் இங்கயே உக்காந்திருப்பேன்."

சபைதான் எல்லாம். எமாருவில் நிலம் தாய் வழி. இந்த மூக்கு முனை ஈரப்பலாக் குலத்துச் சொத்து. அந்தக் குலத்தில் நிலத்தைப் பற்றிப் பேச உரிமையுள்ள மூத்த ஆண் கல்வாட், லெய்மாராவின் பெரியம்மா மகன். சின்ன வயசில் நியூ கலிடோனியா நிக்கல் சுரங்கத்துக்குப் போனவர், போன கிழங்கு அறுவடையின்போது நரைத்த தாடியோடு திரும்பி வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? முனை முழுவதையும் ஹாலண்ட் என்கிற வெள்ளைக்காரருக்கு எழுபத்தைந்து வருஷக் குத்தகைக்கு விடப்போகிறேன் என்று கிளம்பிவிட்டார். உல்லாச விடுதி கட்டப்போகிறார்களாம். லெய்மாராவின் வீடு இருக்கிற இடத்தில் நீச்சல் குளமாம். கடலுக்குப் பக்கத்தில் எதற்குக் குளம் என்று நான் கேட்டேன்.

இதைத் தடுக்க ஒரே வழி உண்டு. அந்த நிலத்தில் குடியிருக்கிற குலத்துப் பெண் சபையில் எழுந்து நின்று "மாட்டேன்" என்று சொல்லவேண்டும். ஒரு வார்த்தை போதும், குத்தகை நின்றுவிடும். வராமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். இலையைத் தாண்டி வந்தாலோ, வழக்கத்தை மீறியவள் பேச்சு சபை ஏறாது.

"அப்ப இந்தப் பக்கம் போனா பேச்சு செல்லாது, போகாட்டி பேச்சே கிடையாது," என்றேன். "எந்தப் புண்ணியவான் யோசிச்சானோ, அவனுக்கு ஒரு மாலை போடணும்."

"மாலை அப்புறம். முதல்ல அந்த வாயைக் கழுவு," என்றார் பாஸ். இலைக்கு ஒரு கை தூரத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார். "லெய்மாரா, இங்க யாரெல்லாம் இலை கட்டலாம்?"

"தலைவர் எங்க வேணாலும் கட்டலாம். எல்லாரையும் கட்டுப்படுத்தும். மத்தபடி அவங்கவங்க நிலத்துல அவங்கவங்க கட்டிக்கலாம்."

"இது தலைவர் இலையா?"

"வேற யாரு கட்டப்போறா? சபை அன்னிக்கு சண்டை வேண்டாம்னு கல்மாஸ் தலைவர் கட்டியிருப்பாரு."

"உங்க தலைவர் இலையை எதால கட்டுவார்?"

"நார்லதான். பூவரசு நார்."

பாஸ் விரலால் காட்டினார். குச்சியில் இலையைச் சுற்றியிருந்தது ஆரஞ்சு நிற நைலான் கயிறு. பளபளவென்று, அந்தப் பச்சைக்கு நடுவே கண்ணை உறுத்தியது. லெய்மாராவின் கிழங்குத் தோட்டத்துக்கு நடுவே, அவள் அப்பா கல்லறைக்குக் குறுக்கே, போன வாரம் ஹாலண்டின் ஆட்கள் முளைக்குச்சி அடித்து இழுத்துக் கட்டியிருந்த அதே கயிறு.

"ஆகா!" என்றேன். "கண்டுபிடிச்சாச்சு. தாண்டலாம் வாங்க."

"அந்தக் கயிறு காத்துல ஊர் பூரா பறக்குது. கோழியைக் கட்டுறவன்கூட அதாலதான் கட்டுறான். தலைவரும் நார் உரிக்கச் சோம்பல் பட்டு அதை எடுத்திருந்தா? ஒரு யூகத்தை நம்பி இவளைத் தாண்ட வைக்கச் சொல்றியா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். வயிறு மூடவில்லை, கத்தியது.

லெய்மாராவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனாள். அங்கே ஓர் ஈரப்பலா மரம், காய் காயாகத் தொங்கியது. அடிமரத்தில் ஒரு சின்ன நமேலே இலை கட்டியிருந்தது. அதைக் கண்டதும் எனக்குப் பசி பாதி செத்தது. அவளோ கொக்கியை எடுத்து, அலட்சியமாக ஒரு காயை இழுத்துப் போட்டாள். சரி, நாமும் உதவுவோம் என்று நான் கையை நீட்டினேன். கொக்கியால் என் புறங்கையில் ஒரு போடு போட்டாள்.

"கைய எடுங்க! இலை கட்டியிருக்குல்ல?"

"நீ மட்டும் பறிக்கிறே!"

"அது என் சின்னம்மா மக கட்டுன இலை. கல்யாணத்துக்குக் காய் வேணும்னு கட்டிட்டுப் போனா. எங்களுக்குள்ள என்ன இலை? அது உங்கள மாதிரி வெளி ஆளுங்களுக்கு."

"பாஸ், நான் வெளி ஆளாம். வந்ததுலேருந்து தண்ணி எடுத்து, விறகு உடைச்சு..."

பாஸ் என்னைக் கவனிக்கவில்லை. இலையைப் பார்த்தார், லெய்மாரா கையிலிருந்த காயைப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டார். அவர் தலையைச் சொறிந்தால் எனக்கு வேலை வரப்போகிறது என்று அர்த்தம்.

*

வெயில் ஏற ஆரம்பித்தது. தூரத்தில் ஊர்ப் பக்கம் புகை எழுந்தது. சபை கூடுகிற நகமால் கொட்டகை முற்றத்தில் தலைவர்களுக்குச் சமையல் ஏறியிருக்கும். எனக்கு நான்கு பக்கமும் நெருங்கி வருகிற மாதிரி இருந்தது. ஊர் முனையிலுள்ள மாமரத்தடிக்குப் போனால்தான் போனுக்கு டவர் கிடைக்கும். கத்தினால் காது கேட்கிற தூரத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பாதை இதோ காலடியில் கிடக்கிறது, ஒரு குழந்தைகூடத் தட்டிவிடக்கூடிய இலை, அதற்கு இந்தப் பக்கம் மூன்று தடிமாடுகள் உட்கார்ந்திருக்கிறோம். சுவராக இருந்தாலாவது இடித்துப் பார்த்திருப்பேன்.

அப்போதுதான் ஹாலண்ட் வந்தார். ஆளைப் பார்க்கவே வேண்டாம், வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சிரிப்பு எல்லாம் குரலிலேயே தெரிந்தது. பாதை அந்த இடத்தில் ஒரு பெரிய ஆலமரத்தைச் சுற்றி வளைந்து வரும். அவர் மரத்துக்கு அந்தப் பக்கமே நின்று குரல் கொடுத்தார்.

"குட் மார்னிங்! அடடா, தடை இலையா? ரொம்ப வருத்தம். உங்க வழக்கத்துக்கு நான் மரியாதை குடுக்கறேன். லெய்மாரா, கவலைப்படாதே. நீ வர முடியலைன்னு சபையில நானே சொல்லிடறேன்."

சொல்லிவிட்டு, எங்கள் பதிலுக்குக் காத்திராமல் திரும்பி நடந்தார்.

"என்ன பண்பாடு பாத்தீங்களா பாஸ்," என்றேன். "போன வாரம் கல்லறை மேல கயிறு கட்டுன மனுஷன்."

"எங்கே நின்னான் பாத்தியா?"

"மரத்துக்கு அந்தப் பக்கம்."

"அங்கேருந்து இலை தெரியுமா?"

எட்டிப் பார்த்தேன். ஆலமரத்தின் தண்டு யானை மாதிரி மறைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு எங்கள் தலைகூடத் தெரியாது.

"தெரியாது!"

"பாக்காத இலையைப் பத்தி வருத்தப்பட்டுட்டுப் போறான். அவங்க பக்கத்து ஆள் கட்டுன இலைதான் இது. சரி, அவங்க ஆட்கள்ல எமாருவுல இலை கட்ட உரிமை இருக்கிறவன் யாரு? ஒரே ஆள்தான்."

லெய்மாரா சட்டென்று நிமிர்ந்தாள். "இல்ல அக்கா. அண்ணன் இல்ல."

"ஏன் இல்ல?"

"அண்ணன் எதுக்குக் கட்டப்போறாரு?"

"அதான் கேக்கறேன். ஏன் கட்டமாட்டார்?"

லெய்மாரா பதில் தேடினாள். கிடைக்கவில்லை. சூரியன் ஏன் மேற்கே உதிக்காது என்று கேட்டால் நாம் முழிப்போமே, அப்படி முழித்தாள். "அண்ணன் நல்லவரு அக்கா. இந்த வெள்ளைக்காரன்தான் அவர் மனசக் கெடுத்திருக்கான். அத கண்டுபிடிக்கத்தான உங்கள கூப்பிட்டேன்? அண்ணன சந்தேகப்படுறதுக்கா கூப்பிட்டேன்?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் வந்த நாளிலிருந்து தினமும் அவருக்குச் சோறு போட்டவள் அவள். இங்கே வளர்ந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் முகம் பார்த்துக்கொள்ளமாட்டார்கள். பெயர் சொல்லமாட்டார்கள். பாய்த் தட்டிக்கு இந்தப் பக்கம் அவள் தட்டை வைப்பாள், அந்தப் பக்கமிருந்து அவர் எடுத்துக்கொள்வார். காணாமல் போயிருந்த அண்ணன் தட்டைக் காலி செய்து தள்ளும் சத்தத்தைக் கேட்பதற்காகவே அந்த மனுஷி தினமும் தேங்காய் துருவினாள்.

பாஸ் அவள் தோளில் கை வைத்தார். "நான் யாரையும் குத்தம் சொல்லலை. இலை கட்டுனவனே வந்து, என் இலைன்னு சொல்லட்டும். அதுக்கு உங்க வழக்கத்துல வழி இருக்கா?"

"தாண்டுனவங்கிட்ட பன்னி அபராதம் கேக்கணும்னா வந்து சொல்லித்தான் ஆகணும். சபை முன்னாடி என் இலைன்னு சொல்லி, இலை இருக்கிற எடத்துலயே நின்னு வாங்கிக்கணும். யாரும் வந்து கேக்கலைன்னா இலை செத்துருச்சுன்னு அர்த்தம். அப்புறம் யார் வேணா நடக்கலாம்."

"மனுஷன் தாண்டினாத்தான் அபராதமா? பன்னியே தாண்டினா?"

லெய்மாரா யோசித்தாள். "தாண்டுன பன்னி இலைக்காரனுக்குச் சொந்தம். ஆனா அதுவாப் போகணும். நாம வெரட்டக்கூடாது."

பாஸின் பார்வை மெல்ல மெல்லத் தொழுவத்துப் பக்கம் திரும்பியது. லெய்மாராவின் பார்வையும் கூடவே போனது. அவள் முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ, கேப்டனா!"

*

கேப்டனைப் பற்றிச் சொல்லவேண்டும். குட்டியாக இருக்கும்போதே மேல்பல்லை எடுத்துவிட்டதால், கீழ்க் கோரைப்பல் தடையில்லாமல் வளர்ந்து, வளைந்து, கிட்டத்தட்ட முழு வட்டமாகிவிட்ட பன்றி. அந்த மாதிரிப் பன்றியால் சரியாக மெல்ல முடியாது. அதனால் லெய்மாரா கிழங்கை வேகவைத்து, மசித்து, உருட்டி, கையால் ஊட்டுவாள். மகள் கல்யாணத்துக்கு என்று வளர்க்கிறாள். தீவில் அதற்கு ஈடான பன்றி கிடையாது. அதற்கும் அது தெரியும். என்னைப் பார்க்கிற பார்வையிலேயே தெரியும்.

"இதக் குடுத்துட்டா கல்யாணத்துக்கு எங்க போவேன்?" என்றாள் லெய்மாரா.

"நிலத்தைக் குடுத்துட்டா கல்யாணத்தை எங்கே வைப்பே?" என்றார் பாஸ்.

அவள் தொழுவத்தின் படலைத் திறந்துவிட்டு, முந்தானை இருந்தால் அதில் முகத்தைப் பொத்தியிருப்பாள், இல்லாததால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கேப்டன் வெளியே வந்தது. நாலு எட்டு வைத்தது. நிழல் பார்த்துப் படுத்துக்கொண்டது.

"பிரமாதம்," என்றேன். "இவருக்கு வண்டி அனுப்பணும் போல."

"வெரட்டக்கூடாது. ஆனா நீ சாப்பிடறதை அது பாக்கலாமில்ல?" என்றார் பாஸ். "லாப்லாப் மிச்சம் இருக்கா?"

இருந்தது. கிழங்கை மசித்து வாழையிலையில் சுட்டு, தேங்காய்ப் பால் ஊற்றி, எனக்கென்று எடுத்து வைத்த ஒரே ஒரு பங்கு. காலையிலிருந்து அதை நினைத்துத்தான் உயிரோடு இருந்தேன்.

"பாஸ், வேண்டாம். அது என் காலைச் சாப்பாடு."

"அதைத் தூக்கி அந்தப் பக்கம் போடு."

"கிழங்கு மட்டும் இலையைத் தாண்டலாமா?"

லெய்மாரா சுவரைப் பார்த்தபடியே, "கிழங்குக்கு இலை கெடையாது," என்றாள். அழுகையிலும் அவளுக்குச் சட்டம் மறக்கவில்லை.

போட்டேன். பெத்த பிள்ளையைத் தத்துக் கொடுக்கிற மாதிரி போட்டேன். தேங்காய்ப் பால் வாசனை பரவியதும் கேப்டன் ஒரு கண்ணைத் திறந்தது. எழுந்தது. என் பக்கத்தில் வந்து நின்று, இவ்வளவுதானா என்பது போல ஒரு உறுமல். பிறகு இலையை உரசிக்கொண்டே குச்சிகளுக்கு நடுவே நடந்து போய், என் சாப்பாட்டை ஒரே வாயில் முடித்தது. ஊர்ப் பக்கமிருந்து சமையல் வாசனை வந்துகொண்டிருந்தது. மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கேப்டன் சபைக்குப் புறப்பட்டது.

"அது 'மாட்டேன்'னு சொன்னா செல்லுமா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அதன்பிறகுதான் உண்மையான சிறை. மூன்று பேரும் இலைக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தோம். நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. இலை கட்டினவன் வாயே திறக்காமல் இருந்துவிட்டால் இலை செத்தது, நாங்கள் நடந்து போகலாம். ஆனால் அது செத்துவிட்டது என்று எங்களிடம் யார் வந்து சொல்வது? ஹாலண்ட் நடுவழியில் பன்றியைப் பிடித்துக் கட்டிப்போட்டிருந்தால்? பாஸிடம் கேட்டேன். "வாயை மூடு" என்றார். அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த கை வெளுத்திருந்தது. அவருக்கும் பயம்தான்.

லெய்மாரா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். அண்ணனா இருக்கக்கூடாது, அண்ணனா இருக்கக்கூடாது என்றுதான் என் காதில் விழுந்தது.

*

முதலில் கேட்டது கேப்டனின் உறுமல். அப்புறம் ஆட்களின் பேச்சு. ஆலமரத்தைச் சுற்றிக்கொண்டு பாதி ஊரே வந்தது. முன்னால் கல்மாஸ் தலைவர், கம்பை ஊன்றிக்கொண்டு, நடக்க வைத்துவிட்டார்களே என்ற எரிச்சலோடு. பின்னால் மற்றத் தலைவர்கள். ஓரமாக ஹாலண்டின் தொப்பி. நடுவில், கேப்டனின் காலில் கயிறு போட்டுப் பிடித்துக்கொண்டு, நரைத்த தாடிக்காரர் கல்வாட்.

லெய்மாராவிடமிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது.

கல்வாட் முறைப்படி முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். தங்கை இருக்கும் பக்கம் கண் போகவில்லை. அந்த விஷயத்தில் ஆள் கச்சிதம்.

"இந்தப் பன்னி நகமாலுக்குள்ள வந்து எங்க கிழங்குப் பானையைக் கவுத்துருச்சு," என்றார் தலைவர். "காதுல லெய்மாரா குறி இருக்கு. இலையத் தாண்டி வந்திருக்குன்னு இவன் சொல்றான். இலை இருக்கிறதே எனக்குத் தெரியாது."

"தெரியாதா தலைவரே?" என்றார் பாஸ், ரொம்ப அப்பாவியாக.

"நான் கட்டலையே!"

"அப்ப யாரோடது?"

"என்னோடது," என்றார் கல்வாட். குரல் கணீரென்று இருந்தது. வேறு வழியும் இல்லை அவருக்கு. சும்மா இருந்தால் இலை செத்துப்போகும், லெய்மாரா சபைக்கு நடந்து வந்துவிடுவாள். சொன்னாலோ இலையும் நிற்கும், தீவிலேயே உயர்ந்த பன்றியும் கைக்கு வரும். எந்த மடையனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

"எந்த உரிமையில கட்டுனீங்க?"

"இது எங்க நெலம். ஈரப்பலாக் குலத்து மூத்தவன் நான்."

"சபைக்குக் கேக்குற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க. குலத்து மூத்தவர், இவளுக்கு அண்ணன். அந்த உரிமையில கட்டுன இலை. சரிதானா?"

"எத்தன தடவ சொல்றது? ஆமா!"

பாஸ் திரும்பி லெய்மாராவைப் பார்த்தார். சத்தமில்லாமல், கிட்டத்தட்ட கெஞ்சுகிற மாதிரி சொன்னார். "காலையில மரத்துல காய் பறிச்சியே. அதே மாதிரி நடந்து போ."

லெய்மாராவுக்கு ஒரு நொடி புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரிந்தது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை, யாரோ செத்த செய்தி வந்த மாதிரி ஆகிவிட்டது. எழுந்தாள். புடைத்த பாதங்களோடு, அவசரமே இல்லாமல், இரண்டு குச்சிகளுக்கு நடுவே நடந்து அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"தாண்டிட்டா!" என்று கல்வாட் கத்தினார். "எல்லாரும் பாத்தீங்கல்ல? தங்கச்சி இலையத் தாண்டிருச்சு! இந்தப் பன்னி போதாது, இன்னொண்ணு குடுக்கணும்! அது பேச்சு இனி சபையில ஏறாது!"

கூட்டத்தில் ஒருவரும் அவரோடு சேர்ந்து கத்தவில்லை. பெண்கள் பக்கமிருந்து ஒரு முணுமுணுப்பு கிளம்பி அடங்கியது. கல்மாஸ் தலைவர் கம்பின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

"தங்கச்சிகிட்டயா அபராதம் கேக்கற?" என்றார் மெதுவாக.

"இலை எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

"எந்த ஊர்லப்பா?"

கல்வாட்டுக்கு, எதிலோ கால் வைத்துவிட்டோம் என்று மட்டும் தெரிந்தது, எதில் என்று தெரியவில்லை. அந்த முழியைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

"நான் வெளியூர்க்காரி தலைவரே, தப்பாச் சொன்னா திருத்துங்க," என்றார் பாஸ். "ஒரு குலத்துக்காரங்க கட்டுற இலை அந்தக் குலத்துக்காரங்களைத் தடுக்காது. இந்த நகாட் கையில இன்னும் கொக்கி அடிச்ச தடம் இருக்கு, சாட்சிக்குப் பாத்துக்கலாம். இவர் நெஜமாவே அண்ணன்னா, இந்த இலை லெய்மாராவை ஒண்ணும் செய்யாது. அவ தாண்டினது தப்பில்ல, பேச்சு சபை ஏறும். இல்ல, இலை அவளைக் கட்டுப்படுத்தும், அவ அபராதம் குடுக்கணும்னா, கட்டுனவர் அவ குலம் இல்ல. குலம் இல்லாதவருக்கு இந்த மண்ணுல குத்தகை விட என்ன இருக்கு? ரெண்டுல எது வேணுமோ எடுத்துக்கட்டும்."

"அது... அந்த விலாக்காரங்களுக்காகக் கட்டுனது!" என்றார் கல்வாட். "தங்கச்சிக்கு இல்ல!"

"இப்பத்தான தங்கச்சிகிட்ட இன்னொரு பன்னி கேட்ட?" என்றார் தலைவர்.

ஓரமாகப் பார்த்தேன். ஹாலண்டின் தொப்பியைக் காணோம். கொஞ்ச நேரத்தில் கடல் பக்கம் மோட்டார் சத்தம் கேட்டது. வழக்கத்துக்கு ரொம்ப மரியாதை கொடுக்கிறவருக்கு, விடைபெறுகிற வழக்கம் மட்டும் இல்லை போலிருக்கிறது.

கூட்டம் வளையமாக நெருங்கியது. யாரும் கல்வாட்டைத் தொடவில்லை. ஆனால் வெளியே போக ஓர் ஆள் அகலம்கூட இடம் இல்லை. பின்னால் நகர்ந்தவர் இலைக்கு முன்னால் வந்து நின்றார். தான் கட்டிய இலைதான், தாண்ட அவருக்கும் தைரியம் வரவில்லை.

அப்போது லெய்மாரா ஒரு காரியம் செய்தாள். அவருக்கு நேராகப் போய் நின்று, முகத்தை நிமிர்த்தி, அவர் கண்ணைப் பார்த்தாள். பெண்கள் பக்கம் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"இன்னிக்குத்தான் உங்க மூஞ்சியப் பாக்கறேன்," என்றாள். "இத்தன நாளும் அண்ணன்னு நெனச்சுப் பாக்காம இருந்தேன். எங்க அண்ணன் எங்க?"

அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டான். ஆமாம், இனி எனக்கு அவன் "அவர்" இல்லை.

"நாங்க ஒரே கொட்டகையில படுத்தோம்," என்றான். குரலில் கணீர் போய்விட்டது. "எனக்கு வடக்குத் தீவு. ஷிப்ட் முடிஞ்சு வந்தா அவன் வேற பேச்சே பேசமாட்டான். இந்த முனை, இந்த மரம், அவங்க அம்மா, சின்னம்மா, யாருக்கு யாரு பொறந்தாங்க, தங்கச்சிக்கு முன்னாடி எப்படி நடக்கணும்... கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு. கடைசியில நெஞ்சு சளி. ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன்னுட்டான். ஊருக்குப் போயி பாத்துக்கறேன்னான்." கொஞ்சம் நிறுத்தினான். "அங்கயே சுரங்கத்துக்குப் பக்கத்துல, கடல் தெரியற மேட்டுல பொதைச்சேன். அது நெஜம். எல்லாத்தையும் சொன்னான். இந்த இலை விஷயம் மட்டும் சொல்லவே இல்ல."

"சொல்லியிருக்கமாட்டாரு," என்றாள் லெய்மாரா. "தங்கச்சி வாசல்ல இலை கட்டணும்னு ஒரு அண்ணனுக்குத் தோணுமா? தோணாதத எப்படிச் சொல்லுவாரு?"

அவன் கையிலிருந்து கயிறு நழுவியது. கேப்டன் நேராக லெய்மாராவிடம் போய் அவள் காலை முட்டியது, ஊட்டச் சொல்லி.

கல்மாஸ் தலைவர் தொண்டையைச் செருமினார். "சபை இங்கயே கூடுனதா வச்சுக்குவோம். குத்தகைக்கு உன் வார்த்தை என்ன?"

"மாட்டேன்," என்றாள். அதைச் சொல்லத்தான் காலையிலிருந்து தவித்தாள். சொன்னபோது கேட்பவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு அழுகை. தலைவர் தலையாட்டிவிட்டு, குச்சிகளைத் தன் கையால் பிடுங்கி, இலையைக் கடல் பக்கம் எறிந்தார். நானும் பாஸும் வெளியே வந்தோம்.

ஆனால் யாரும் ஊருக்குத் திரும்பவில்லை. லெய்மாரா வாசலில் பாயை விரித்து உட்கார்ந்து, பெயர் சொல்லி அழ ஆரம்பித்தாள். கல்வாட், கல்வாட் என்று. உயிரோடு இருந்த அண்ணன் பெயரை அவள் வாயால் சொன்னதே இல்லை. பெண்கள் ஒவ்வொருவராகப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்த வடக்குத் தீவுக்காரனை இழுத்துப் போக வந்த இளவட்டங்களைத் தலைவர் கையமர்த்தினார். கல்வாட்டைப் புதைத்தவன் இவன்தான், அழுது முடிக்கும்வரை இருக்கட்டும் என்றார். அவன் ஆலமரத்தடியில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எமாருவில் செத்தவனுக்குப் பன்றி வெட்டாமல் துக்கம் முடியாது. சாயங்காலம் லெய்மாரா எழுந்து போய் கேப்டனுக்குக் கடைசியாக ஒரு கவளம் ஊட்டிவிட்டு, கயிற்றைத் தலைவர் கையில் கொடுத்தாள். கல்யாணத்துக்கு வேறே பன்றி வளர்த்துக்கொள்ளலாம் என்றாள். கல்வாட் பெயரைச் சொல்லி அவன் அபராதமாகக் கேட்ட பன்றி, கடைசியில் கல்வாட்டுக்கே போனது.

வாழையிலையில் எனக்கும் ஒரு பங்கு வைத்தார்கள். பாஸ் என் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னடா, காலையிலேருந்து பசி பசின்னு உயிரை எடுத்தே?"

"இல்ல பாஸ்," என்றேன். "பசி போயிருச்சு."